கொக்கிரகுளத்தில் ஒரு மனு எழுதும் கடை

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், கொக்கிரகுளத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தக் கடை. பலகையில் கடையின் பெயர் கிடையாது. தட்டச்சு, நகல், மனு எழுதப்படும் என்று மட்டும் நீல எழுத்தில் இருக்கும். பட்டா, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான மனுக்களே இங்கே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. காவல்துறையின் தேடுதல் வேட்டையிலோ தடியடியிலோ காயம்பட்டவர்களும் வீட்டுப் பொருளை இழந்தவர்களும் நிவாரணம் கேட்டு மனு எழுத வந்தால், இந்தக் கடை அவர்களுக்கு என்ன செய்து தருகிறது என்பதைப் பற்றி மட்டுமே நான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நாங்கள் அதற்காகத்தான் அங்கே போனோம், அந்த வேலையில் இவர்கள் காட்டிய கவனத்தை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊரில் கோயில் கொடைவிழாவின் கடைசி நாள் இரவில் பக்கத்து ஊர்க்காரர்களோடு கைகலப்பு ஏற்பட்டு, இரு பக்கமும் கல் வீசிக்கொண்டார்கள். கல் வீசியவர்களைத் தேடிப் பிடிப்பது காவல்துறையின் கடமை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அதிகாலை இரண்டு மணிக்கு அவர்கள் வந்தபோது இளைஞர்கள் எல்லாரும் வாழைத் தோட்டங்களுக்குள் ஓடிவிட்டிருந்தார்கள்; வீடுகளில் இருந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும்தான். ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் தெருவில் கதவுகள் பிளக்கப்பட்டன, மின்மீட்டர்கள் நொறுங்கின, இருசக்கர வாகனங்கள் சாய்த்துப்போட்டு உடைக்கப்பட்டன. எங்கள் ஆச்சி ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருந்த, நெல் சேமிக்கும் மண் குலுக்கை உடைந்து, நெல் வாசல்வரை சிதறிக் கிடந்தது. குறுக்கே நின்ற என் அம்மாவுக்கு இடது முன்கையில் அடி விழுந்தது.

மறு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போவது என்று முடிவானபோது, எங்களிடம் நானே கையால் எழுதிய மூன்று பக்க மனு ஒன்று இருந்தது. அதில் காட்டுமிராண்டித்தனம், அராஜகம், அட்டூழியம் என்ற சொற்கள் பக்கத்துக்கு நாலு முறை வந்தன. நகல் எடுக்கத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார அண்ணாச்சி நகல் எடுக்கும் முன்பு மனுவை முழுவதும் படித்துவிட்டு, “தம்பி, இதுல என்ன உடைஞ்சதுன்னே இல்லையே” என்றார். நான் திரும்பப் படித்துப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. வீட்டுப் பொருட்கள் அனைத்தும் சூறையாடப்பட்டன என்ற ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது.

அன்றைக்கு மனு கொடுக்க வேண்டாம், அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று அவர் சொன்னபோது எங்களில் சிலருக்குக் கோபம் வந்தது. கை வலியோடு பேருந்து ஏறி வந்திருந்த அம்மாவை மறுபடியும் அலைக்கழிப்பதா என்று நானும் வாக்குவாதம் செய்தேன். காலம் கடந்துவிடக் கூடாதென்பதற்காக, நடந்த சம்பவத்தையும் தேதியையும் காயம்பட்டவர்களின் பெயரையும் மட்டும் சொல்லும் ஒரு பக்க மனுவை அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்து அன்றே பதிவு செய்யச் சொன்னார். விரிவான மனுவைப் பின்னிணைப்புகளோடு மறுவாரம் அந்தப் பதிவெண்ணைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம் என்றார். இப்போது யோசித்தால் அதுதான் சரியான வழி என்று தெரிகிறது.

விரிவான மனுவுக்கு அவர் பட்டியல் தயாரித்த விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன். வீட்டுக்கு ஒரு தாள் என்று ஒதுக்கி, வாசலிலிருந்து தொடங்கி அடுப்படி வரை நடந்து போவதுபோல மனத்துக்குள் நடந்து, கண்ணில் படும் ஒவ்வொன்றையும் சொல்லச் சொன்னார். ஆச்சியிடம் குலுக்கையில் எவ்வளவு கிடந்தது என்று கேட்டார். “நெறைய கெடந்துச்சுய்யா” என்றாள் ஆச்சி. நெல் அளக்கும் கோட்டைக் கணக்கில் சொல்லுங்கள் என்றார். அரைக் கோட்டைக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று ஆச்சி சொன்னதும், மரக்கால் கணக்காக்கி, ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் வீதம், பத்து மரக்கால் என்று எழுதினார். அதில் எவ்வளவு அள்ளி எடுத்துப் பயன்படுத்த முடிந்தது என்று அடுத்த கேள்வி. கண்ணாடித் துண்டும் மண்ணும் கலந்துபோனதைக் கழித்து, ஆறு மரக்கால் நட்டம் என்று முடித்தார். கூட்டிச் சொல்லக் கூடாது, ஒரு பொருளைக் கூட்டிச் சொன்னது தெரிந்தால் பட்டியலில் உள்ள மற்ற ஒன்பதையும் நம்ப மாட்டார்கள் என்று எல்லா வீட்டாரிடமும் சொன்னார்.

எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். அந்த இரவில் தட்டிலிருந்த இலையும் தூளும் மிதிபட்டும் தண்ணீர் பட்டும் வீணாயின. இதை யாருமே இழப்பாக நினைத்திருக்கவில்லை. சித்திகூட, “அது கம்பெனி இலைதானே” என்று விட்டுவிட்டாள். அண்ணாச்சியின் மனைவிதான் குறுக்கிட்டார். அவரும் மேலப்பாளையத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவராம். இலையும் தூளும் கம்பெனியுடையவைதான், ஆனால் எடைபோட்டுக் கொடுத்த இலைக்குக் கணக்கான பீடி திரும்பிப் போகாவிட்டால் அந்தக் குறை கூலியில் பிடிக்கப்படும்; ஆகவே அது சுற்றுகிறவளின் கடன் என்று விளக்கி, ஒவ்வொருவரின் பாஸ் புத்தகத்திலும் அந்த வாரம் எடுத்த இலையின் எடை பதிவாகியிருக்கும் பக்கத்தை நகல் எடுத்து இணைத்தார். எங்கள் தெருவின் பட்டியலில் எழுத்து ஆதாரத்தோடு இருந்த முதல் இழப்பு அதுதான். கிழிந்துபோன பாஸ் புத்தகம் ஒன்றை ஒட்டாமல் அப்படியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போடச் சொன்னதும் அவர்தான்.

அம்மாவின் கை விஷயத்தில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்திருந்தோம். அடிபட்ட அன்றைக்குக் காலையில் மருத்துவமனைக்குப் போனபோது அவசரப் பிரிவின் வாசலில் இரண்டு காவலர்கள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய், எப்படி அடிபட்டது என்று கேட்ட மருத்துவரிடம், வாசல்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிட்டது. மருத்துவர் மீது குறை சொல்ல முடியாது. நோயாளி சொல்வதைத்தான் அவர் எழுத முடியும். அந்தப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பியைப் பார்த்த அண்ணாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எக்ஸ்ரே படத்தை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முறிவு சுண்டுவிரல் பக்கத்து எலும்பில், முன்கையின் நடுப்பகுதியில் இருந்தது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டிக் கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் முறியும், தலையைக் காக்க உயர்த்திய கையில் தடி விழுந்தால் இப்படிச் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் தனியாக முறியும் என்று அவர் சொன்னார். பிறகு எலும்பு மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். தடியடியில் ஏற்படும் முறிவு என்று இதற்கு மருத்துவ நூல்களிலேயே தனிப் பெயர் உண்டாம். நேரடியான அடியால் ஏற்பட்டிருக்கக் கூடிய முறிவு என்ற குறிப்பைக் காயச் சான்றிதழில் எழுதக் கேட்டு வாங்கும்படி எங்களை அனுப்பியவர் இந்த மனு எழுதுகிறவர்தான்.

அதோடு நிற்காமல், முதலில் அம்மா ஏன் மாற்றிச் சொன்னாள் என்பதையும் மறைக்காமல் மனுவில் ஒரு பத்தியாக எழுதினார். அந்தப் பத்தி எனக்கு இன்றும் மனப்பாடம்: “தடி ஓங்கப்பட்டபோது தலையைக் காக்க இடது கையை உயர்த்தினேன். அடி கையில் விழுந்தது. மருத்துவமனை வாசலில் காவலர்கள் நின்றதால் அச்சமுற்று, வழுக்கி விழுந்ததாகக் கூறினேன். நான் கூறியது உண்மையன்று.” நான் எழுதியிருந்தால் இதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பேன். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தலையை மட்டும் அசைத்தாள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் என்ற வகையில் வருவதால், சாதாரணக் காயம் என்று சான்றிதழில் இருந்தால் திருத்தக் கேட்க வேண்டும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு காயம்பட்டோருக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டபோதும், காயத்தின் தன்மையைப் பார்த்தே தொகை பிரிக்கப்பட்டது.

இந்தப் பகுதியில் ஒரு கடைக்காரருக்கு இவ்வளவு அனுபவம் எப்படி வந்தது என்று வெளியூரில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். கடையிலிருந்து சில நிமிடம் நடந்தால் தாமிரபரணி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி வந்த ஊர்வலத்தின் மீது இங்கேதான் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டவர்களில் கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் அதை விசாரித்தது. அப்போது அண்ணாச்சி வேறொருவரின் கடையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த இளைஞர். அதற்குப் பிந்தைய வாரங்களில் வந்தவர்கள் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, சம்பளச் சீட்டு என்று ஆற்றில் போனதைச் சொல்லச் சொல்ல, அவற்றை எழுதத் தேவையில்லை என்று தன் முதலாளி தள்ளிவிட்டதாகவும், அதை நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை என்றும் அவர் சொன்னார். தன் கடையில் அவர் எதையும் தள்ளுவதில்லை.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் நடந்ததை எங்கள் பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய எல்லாரும் அறிவார்கள். அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் அந்த ஊருக்குள் புகுந்து, வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்து வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் தையல் இயந்திரங்களையும் மிதிவண்டிகளையும் உடைத்தார்கள். படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் கடவுச்சீட்டுகளையும் எரித்தார்கள். குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்று மக்கள் குற்றம்சாட்டினார்கள். நீதிபதி கோமதிநாயகம் ஆணையம் அமைக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கு விலை போட்டுவிடலாம். எரிந்த பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன விலை போடுவது? இந்தக் கடையின் பட்டியலில் ஆவணங்களுக்கென்று ஒரு தனித் தாள் இருக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், வாகனப் பதிவுப் புத்தகம் என்று ஒவ்வொன்றின் எண்ணும், மறுநகல் பெறுவதற்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதும், அதற்கு ஆகும் கட்டணமும் அதில் எழுதப்படும். அந்தக் கட்டணமும் இழப்பில் சேர்க்கப்படும். என் தம்பியின் ஐ.டி.ஐ. சான்றிதழ் கிழிந்ததை நாங்கள் சொல்லவே இல்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

படங்கள் எடுத்து வைத்திருந்தவர்களின் கைப்பேசிகளை அண்ணாச்சியின் மனைவி வாங்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை ஏற்காமல், எடுத்த கைப்பேசியிலிருந்தே மூலக் கோப்பை நகலெடுத்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுக்கு ஓர் உறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி, அதற்கான படிவத்தையும் அச்சிட்டுக் கொடுத்தார். என்னுடைய பைக் உடைந்த படம் இருட்டில் எடுக்கப்பட்டதால் பதிவெண் தெரியவில்லை. மறுநாள் பகலில் எடுத்ததைச் சேர்த்தோம். காப்பீட்டில் கேட்கலாமே என்று பார்த்தால் நான் கட்டியிருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். முழுக் காப்பீடு இருந்தால் கலவரத்திலும் வேண்டுமென்றே செய்யப்பட்ட சேதத்திலும் கேட்க வழி உண்டு என்று அவர் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன், வேறு யாருக்காவது உதவும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடைக்கு ஏற மூன்று உயரமான படிகள், கைப்பிடி இல்லை. காயம்பட்டவர்கள் வருகிற இடத்தில் உட்கார ஒரே ஒரு நாற்காலி இருக்கிறது, மற்றவர்கள் சந்தில் வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கூட்டம் அதிகமாகி, ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழுகிறது. தன் மீது கை வைத்ததைப் பற்றிப் பேச வந்த ஒரு பெண் எதுவும் சொல்லாமல் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். ஒரு திரையாவது தொங்கவிடலாம். அண்ணாச்சி எந்தப் பொருளுக்கும் தானாக மதிப்புப் போட மாட்டார். கதவுக்குத் தச்சரிடமும், மீட்டருக்கு மின்வாரியத்திலும் எழுத்தில் வாங்கி வரச் சொன்னதால் எங்களுக்குப் பன்னிரண்டு நாட்கள் கூடுதலாயின.

எனக்குப் பெரிய வருத்தம் இன்னொன்று. பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், காவலில் இருப்பவர்களும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இதை அண்ணாச்சி எங்களுக்கு மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஒரு வழக்கறிஞர் அப்போதே கிடைத்திருப்பார். சுவரில் எழுதி ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்; அடுத்த முறை போனபோது ஒட்டியிருந்தார்கள்.

காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்துவிட்டால் அதன் சாரத்தைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும், அங்கும் நடவடிக்கை இல்லாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போகலாம் என்ற வரிசையை அவர் தெளிவாகச் சொல்கிறார். ஒப்புகைச் சீட்டைத் தாளின் மூலையில் ஒட்டி, அதையும் நகல் எடுத்துத் தருகிறார். மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதாக இருந்தால் சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். நாங்கள் மூன்றாவது முறை போயிருந்த அன்று, பதினான்கு மாதம் கழித்து வந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொல்ல அவர் பட்ட சங்கடத்தைப் பார்த்தேன். அந்தப் பெரியவர் காலில் இரும்புத் தகடு வைத்திருந்தார். நிவாரணம் வருமா வராதா என்று தெரியாமல் எந்த மனுவுக்கும் பணம் வாங்கக் கூடாது என்று சொல்லி, அவரை நேராகச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பி, ஆட்டோவுக்குக் காசும் கொடுத்தார்.

கட்டணம் நியாயமானது. எங்கள் வீட்டுக்கு ஒன்பது பக்க மனுவும் பின்னிணைப்பும் ஆறு படிகளும் சேர்த்து 460 ரூபாய் ஆயிற்று. ஆச்சியின் பட்டியலுக்குத் தனியாக வாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கோட்டாட்சியர் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் எங்கள் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாக வந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். ஆறு மரக்கால் நெல் என்ற வரிக்கு வந்ததும் ஆச்சியை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறியிட்டார். கதவுக்கும் மீட்டருக்கும் ஒரு தொகை வந்திருக்கிறது. அம்மாவின் கைக்கான மனு இன்னும் நடக்கிறது. கை முழுதாகச் சுழலாததால் இப்போது அவளால் முன்பு சுற்றியதில் பாதிப் பீடிதான் சுற்ற முடிகிறது, அதற்கான பாஸ் புத்தகப் பக்கங்களையும் மாதாமாதம் நகலெடுத்துச் சேர்த்துக்கொண்டு வருகிறோம்.

கடை ஞாயிற்றுக்கிழமை இல்லை. திங்கட்கிழமை போகிறவர்கள் எட்டரை மணிக்கு முன்பே போய்விடுங்கள். இயலுமானால் வியாழன் அல்லது வெள்ளி மாலையில் போனால் நிதானமாக உட்கார்ந்து பட்டியல் சொல்லலாம். எக்ஸ்ரே படத்தை மடிக்காமல் கொண்டு போங்கள். உடைந்த எதையும் அதற்கு முன் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.